மலையை மறைக்காத கண்ணாடி

சுவரை அளந்து அதற்கேற்ற கண்ணாடி போடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எழிலரசி வந்து கண்ணாடியின் அளவைச் சொல்லி, அதற்கேற்ற மாதிரி சுவரை இடிக்கச் சொன்னார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி இராமலிங்கம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெயர் சுப்பிரமணி. திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஐந்து மாடி லாட்ஜுக்கு மேனேஜர். ஈரத்துணியைக் கட்டில்மேல் காயப்போடுகிறவர்களையும், ஓர் அறைக்குப் பத்துப் பேராக வந்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்று பல்லைக் காட்டுகிறவர்களையும் தினமும் மேய்க்கிறவனுக்குக் குணம் தங்கமாக இருக்காது. யாரையும் லேசில் மெச்ச மாட்டேன். இந்த ஓர் அம்மாவை மெச்சுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

எழிலரசிக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிரிடுகிற குடும்பம். எண்பத்தொன்பதில் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் கடலோரமாக அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். சித்தாள்களை விட்டால் அந்த சைட்டில் வேறு பெண் கிடையாது. ஆறு மாதத்தில் ஓடிவிடுவார் என்று வாட்ச்மேன் முதற்கொண்டு சொன்னார்களாம். அவர் பல வருஷம் நின்றார்.

அங்கேதான் கண்ணாடிப் பைத்தியம் பிடித்தது. மாடிப்படிக் கதவுகளில் நடுவே கம்பிவலை வைத்த கண்ணாடி போட்டிருந்தார்கள். தீப்பிடித்துக் கண்ணாடி வெடித்தாலும் கம்பி அதை உதிராமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஓரத்தில் புகுந்து, கம்பி துருப்பிடித்து உப்பி, கண்ணாடி தானாகவே கீறல் விட்டது. மேலே பட்டி பூசி மறைக்கச் சொன்னார்கள். எழிலரசி ஒவ்வொரு கதவாகக் காட்டி, நச்சரித்து, கடைசியில் எல்லாவற்றையும் மாற்ற வைத்தார். அடுத்து வெளிநாட்டிலிருந்து இறக்கியது வேறு ரகம். அதில் கம்பியே கிடையாது. ஏடு ஏடாக ஒட்டிய கண்ணாடி, இடையிடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை. சூடு பட்டால் அந்தப் பசை பொங்கி, வெள்ளையாகி, சூட்டை இந்தப் பக்கம் விடாது. இதற்கும் ஈரம்தான் எமன். பெட்டிகளை மழையில் போட்டு வைத்ததில் சில கண்ணாடிகள் ஓரத்திலிருந்து பால் ஊறின மாதிரி வெளுத்துப்போயின. ஓரத்தை ஒட்டி அடைப்பது, சட்டத்தின் அடியில் தண்ணீர் தேங்காமல் வழி விடுவது எல்லாம் அவர் அப்படி அடிபட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

கணவருக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை. மகள் கவிநிலா பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் எழிலரசி ஊர் திரும்பி, கண்ணாடி, அலுமினிய வேலைக்குக் கடை போட்டார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், எங்கள் லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் போட வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்.

முதலாளியின் ஆசை இதுதான்: எந்த மாடியில் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தாலும் எதிரே மலை தெரிய வேண்டும். அதனால் வராந்தாவின் முனையில் தடுப்பே இல்லாமல் மாடிப்படி, அதைத் தாண்டிப் பெரிய திறப்பு, அதில் முழு மலை.

"ஒரே படிதான் ஐயா இருக்குது. ஒரு மாடியில தீப்பிடிச்சா பொக மொத்தமும் படியிலதான் ஏறும். மேல இருக்கறவங்க எப்படி எறங்குவாங்க? செவுரு வெச்சு கதவு போட்டே ஆகணும்," என்றார் எழிலரசி.

"செவுரு வெச்சா மலை எங்கம்மா தெரியும்?"

"அப்போ கம்பிவலைக் கண்ணாடி போடலாம்."

"இன்னாம்மா பேசற? அண்ணாமலையாரை ஜெயில்ல வெச்சுப் பாக்கறதா? வேணவே வேணாம்."

வேறு யாராக இருந்தாலும் முதலாளியோடு மல்லுக்கு நின்றிருப்பார்கள், இல்லை எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ஜன்னலைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எழிலரசி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரிங்க ஐயா. கம்பி இல்லாம தர்றேன்," என்றார்.

கடலோரக் கட்டடத்தின் குடோனில் மிச்சம் கிடந்த அந்தப் பசைக் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி, லாரியில் வைக்கோல் மெத்தை போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். வராந்தாவுக்கும் படிக்கும் நடுவே அவற்றை நிறுத்த அகலம் போதவில்லை; அப்போதுதான் பக்கச் சுவரை இடிக்கிற பேச்சு வந்தது. "இத வெட்டினா ஓரம் தொறந்துக்கும் மேஸ்திரி. ஈரம் ஏறிடும். நீங்க செவுத்த வெட்டுங்க," என்றார். மேஸ்திரி திட்டிக்கொண்டே வெட்டினார்.

"இது நிக்கும்னு இன்னாம்மா சாட்சி?" என்று கேட்டார் முதலாளி.

"எரிச்சே பாத்திருக்கேன் ஐயா. அப்பளம் பொரியற மாதிரி உள்ள பொங்கிடும். இந்தப் பக்கம் கை வெக்கலாம். தீபத்தன்னிக்கு எம்பொண்ணையே உங்க மொட்டமாடியில நிக்க வெக்கறேன், போதுமா?"

அவ்வளவு தைரியமாகச் சொன்னவர், மூன்றாவது மாடிக் கண்ணாடியைப் பொருத்தும்போது மட்டும் முகம் மாறிப்போனார். கீழ் மூலையில் நகத்தளவு வெள்ளைப் பொட்டு ஒன்று இருந்தது.

"கடலோரத்துல கெடந்தது இல்ல அண்ணா. ஈரம் கொஞ்சம் ஏறியிருக்குது. தீ வந்தா இந்த எடம் பொங்குமான்னு தெரியல. மாத்தலாம்னா வேற கண்ணாடி இல்ல," என்று என்னிடம் சொன்னார். மூலையைச் சுத்தமாகத் துடைத்து, காயவிட்டு, புது டேப் ஒட்டி அடைத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் டார்ச்சோடு வந்து குந்தி, பொட்டு பெரிதாகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். கூலி கிடையாது, கேட்டதும் இல்லை. ஒரு டீ குடிப்பார், அவ்வளவுதான்.

அவருக்கும் எங்கள் லாட்ஜில் பெருக்கிக் கழுவும் ரேணுகாம்பாளுக்கும் ஏழாம் பொருத்தம். ரேணுகாம்பாளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வராந்தாவில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று எழிலரசி அடியில் ஒரு சின்னத் திண்டு கட்டிவிட்டார். போதாதற்குக் கண்ணாடிக் கதவில் ஸ்பிரிங் வேறு.

"திண்டுல கால் இடிச்சு வெரல் பேந்துடுச்சு. கதவு வேற முதுகுலயே வந்து அறையுது. இன்னா கதவும்மா இது?" என்பார் ரேணுகாம்பாள்.

"தானா சாத்திக்கத்தான் போட்டேன். நீங்க பக்கெட்ட முட்டுக் குடுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரேணுகாம்பாள் பக்கெட்டை முட்டுக்கொடுப்பதை நிறுத்தவே இல்லை.

லாட்ஜ் திறந்த மறு வருஷத் தீபம். கூட்டம் தாங்காமல் வாடகைக்கு எடுத்த பஞ்சு மெத்தைகளை மூன்றாவது மாடி வராந்தாவில் அடுக்கியிருந்தோம். எங்கள் ஊரில் அன்று மலைமேல் தீபம் தெரிகிறவரை யாரும் வீட்டில் விளக்கேற்ற மாட்டார்கள். தெரிந்த அந்த நொடியில் ஊர் மொத்தமும் ஏற்றும். வெளியூர்க்காரர்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அறை வாசல்தோறும் அகல் வைத்து எண்ணெய் ஊற்றித் தயாராக நின்றார்கள். "அரோகரா" என்ற சத்தம் கிளம்பியது. கண்ணாடி வழியாக மலையுச்சியில் சுடரைக் கண்டதும் அவசர அவசரமாக ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு, நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மொத்தப் பேரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். மெத்தைக்குப் பக்கத்தில் அகல் எரிகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் பார்த்தது ரேணுகாம்பாள். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. எல்லாக் கதவையும் தட்டி, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்ததும் வெளியே ஓடிவந்து, முட்டுக்கொடுத்திருந்த இன்னொரு பக்கெட்டைக் காலால் எட்டி உதைத்திருக்கிறார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவர் கத்திக்கொண்டே கீழே வந்தபோது எழிலரசி கணவரோடு ரிசப்ஷனில் இருந்தார். கவிநிலா மேலே மொட்டைமாடியில், முதலாளி குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வண்டி வரத்தான் செய்யும், ஆனால் அந்தச் சனக்கடலைத் தாண்டி எப்போது வரும்? எழிலரசி அதற்குள் படியேறிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மூன்றாவது மாடியில் மலையைக் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடி சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்து நின்றது. அதற்குப் பின்னால் சிவப்பாக எதுவோ ஆடியது, படபடவென்று வெடித்தது. மேல் படியில் கூட்டம் உறைந்துபோய் நின்றது. அதைத் தாண்டி இறங்க ஒருவருக்கும் கால் வரவில்லை. "மேலயே போயிடலாம்" என்று யாரோ அலற, எல்லாரும் திரும்பத் தொடங்கினார்கள்.

எழிலரசி கண்ணாடிக்கு அடியில் போய்க் குந்தினார். கீழ் மூலையில் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"பாருங்க! கை வெச்சிருக்கேன்! ஒண்ணும் ஆவாது. அந்தப் பக்கச் செவுத்தோரமா ஒவ்வொருத்தரா எறங்குங்க!"

முதலில் ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிறகு மடை திறந்த மாதிரி வந்தார்கள். நான் தள்ளுமுள்ளு ஆகாமல் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். கவிநிலா வந்தாள். "அம்மா!" என்று நின்றுவிட்டாள்.

"நிக்காத கவி. கீழ அப்பா இருக்காரு, போ," என்றார் எழிலரசி. முகத்தைத் திருப்பக்கூட இல்லை. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பெற்ற பெண்ணை ஒரு பார்வை பார்த்தால் என்ன?

கடைசி ஆளாக முதலாளி இறங்கினார். அதற்குப் பிறகுதான் எழிலரசி கையை எடுத்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து அணைக்கும்வரை கண்ணாடி நின்றது. இறங்கியவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது.

மறுநாள் காலை, வழக்கம்போல மலையைக் கும்பிட முதலாளி மூன்றாவது மாடிக்கு வந்தார். வராந்தா கரியாகக் கிடந்தது. மலை தெரியவில்லை. கருகி வெளுத்து நின்ற கண்ணாடியைப் பார்த்தே கைகூப்பினார்.

"கம்பிக் கண்ணாடியே போடும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் எழிலரசியிடம்.

"வேணாம் ஐயா. இதே மாதிரிதான் போடணும். மலை தெரியட்டும்," என்றார் எழிலரசி.

முதலாளி போனதும் அவர் பழக்கதோஷத்தில் அந்தக் கீழ் மூலையில் குந்தி டார்ச் அடித்தார். நான் கேட்டேன். "ஏம்மா, நேத்து எழுந்து நின்னு கை வெச்சிருந்தா எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்குமே. மூலையில போயி ஏன் குந்திக்கின?"

"அந்தப் பொட்டு இங்கதான் இருந்துச்சு அண்ணா. சூட்ட உட்டா இங்கதான் உடும். கை பொறுக்கற வரைக்கும் எறக்கலாம். பொறுக்கலன்னா நிறுத்தி மேல அனுப்பணும் இல்ல?"

"கவி வர்றப்போ?" என்றேன்.

"அவ வர்றப்போதான் அண்ணா சூடு ஏற ஆரம்பிச்சுது. அவள அனுப்பறதா நிறுத்தறதான்னு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதார். நானும் அழுதேன், வெட்கமென்ன இதில்.

அவர் உள்ளங்கை சிவந்து தோல் வழன்றிருந்தது. பக்கெட்டோடு வந்த ரேணுகாம்பாள் அதைப் பார்த்தார். பக்கெட்டைக் கதவுக்கு முட்டுக்கொடுக்காமல் தள்ளி, படிப் பக்கமாக வைத்தார். தான் தினமும் திட்டிய அந்தத் திண்டில் உட்கார்ந்து, எழிலரசியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.