கோரையில் ஓர் ஆள்

கடலுக்குப் போனவர் இனி வரமாட்டார் என்றே அவர் குடும்பம் அப்போது நம்பியது. நம்பாதவர் அவருடைய மனைவி மட்டுமே. மரக்காணத்து உப்பளங்களுக்கு அருகே, கோரையில் வீட்டு அலங்காரப் பொருள்கள் பின்னுகிறவர்களுக்கு நியாயமான கூலி தரும் ஒரு கூடத்தில் அந்த அம்மாளைச் சந்தித்தேன். ஒல்லியான உருவம். ஒவ்வொரு கோரையையும் உதட்டில் வைத்து ஈரம் பார்த்த பிறகே பின்னுவார்.

உடல் கிடைக்காதவருக்குக் கோரையில் ஆள் உருவம் கட்டி எரித்து ஈமக்கடன் முடிப்பது அவர்கள் ஊர் வழக்கம். அருகில் பின்னிக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டார்:

“ஊருக்கெல்லாம் மயில் பண்றியே அண்ணி, எங்கண்ணனுக்கு ஒரு ஆள் பண்ணக்கூடாதா?”

“மயில யாரும் கொளுத்தமாட்டாங்கடி.”

நாத்தனார் தானே ஓர் ஆளைக் கட்டத் தொடங்கினார். அது கோணலாக வந்தது. சற்று நேரம் பொறுத்திருந்த அந்த அம்மாள் அதைப் பிடுங்கி அவிழ்த்தார்.

“எங்க வூட்டுக்காரருக்குத் தோளு இவ்ளோ சின்னதாவா இருக்குது?”

மாலைக்குள், அகன்ற தோள்களோடு இடப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும் ஒரு மனிதரை அவர் கட்டி முடித்திருந்தார். நாத்தனார் கை நீட்டினார், அவர் கொடுக்கவில்லை.

அதை எரிக்க இன்றுவரை எவருக்கும் துணிவு வரவில்லை. அந்த வீட்டில் இப்போது அண்ணியும் நாத்தனாரும், கோரையால் ஆன அந்த மனிதரும் இருக்கிறார்கள்.