மானிட்டருக்குப் பின்னால் ஓர் ஒயர்

போன வருட மழைக்காலத்தில், பெங்களூரு விவேக் நகரில் நாங்கள் குடியிருக்கும் சின்ன வாடகை வீட்டில் நடந்தது இது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். தங்கவயலில் இருந்த அம்மாவை, பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்த பிறகு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒருமுறை நான் ஆபிஸ் போயிருந்தபோது பாத்ரூமில் விழுந்து, நான் திரும்பி வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள். அதற்குப் பிறகு கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். வாடிக்கையாளர்களின் புகாரை ஹெட்செட்டில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. கம்ப்யூட்டரையும் யு.பி.எஸ்ஸையும் அவர்களே அனுப்பி வைத்தார்கள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு சிஸ்டம் அப்டேட் வந்தது. அன்று பிடித்தது வினை. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிவிடும். ஏதோ நாலு வரி இங்கிலீஷ் வரும், பிறகு தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். மறுமுனையில் இருப்பவர் நான்தான் போனை வைத்துவிட்டேன் என்று நினைத்து, என்மேலேயே இன்னொரு புகார் கொடுப்பார்.

அப்டேட்தான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். ஐ.டி. ஆள் ஆபிசிலிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அப்டேட்டை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார். யு.எஸ்.பி.யில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் மௌஸ், கீபோர்டு, ஹெட்செட் என்று கழற்றிக் கழற்றி மாட்டினேன். புது ஹெட்செட்கூட வந்தது. செல்போனில் அவரோடு பேசியபடி சோதிக்கும்போதெல்லாம் அந்தச் சனியன் சமர்த்தாக இருக்கும். ஹெட்செட்டை மாட்டி வேலைக்கு உட்கார்ந்தால் போச்சு.

"எங்க சைடுல எல்லாம் ஓகே மேடம். உங்க சைடுலதான் ஏதோ இருக்கு" என்று அவர் கைகழுவினார்.

டீம் லீடர் அதற்கும் மேலே போனாள். "தப்பா எடுத்துக்காதீங்க, கஷ்டமான கஸ்டமர் வந்தா மட்டும்தான் உங்க சிஸ்டம் ஆஃப் ஆகுமா?" என்று கேட்டாள். அன்று சமையலறையில் நின்று அழுதேன்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஹெட்செட்டை மாட்டியதும், மேஜைக்கு மேலே இருக்கும் குழந்தை ஏசு படத்தின் முன்னால் பிளாஸ்டிக் மெழுகுவத்தி விளக்கைப் போட்டுவிட்டு ஜெபிக்க ஆரம்பிப்பாள். நான் எழுந்ததும் அணைத்துவிடுவாள். நடுங்கும் கையில் தீப்பெட்டி கொடுக்க எனக்குப் பயம். அதனால் பக்கத்து வீட்டு அக்காதான் வியாழக்கிழமை ஜெபத்துக்குப் போன குழந்தை ஏசு கோவிலின் வாசல் கடையிலிருந்து அதை வாங்கி வந்து வைத்துக் கொடுத்திருந்தார். பேட்டரியில் எரிகிறது என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் உத்தரவு வந்தது. இனி வைட்ஃபீல்ட் ஆபிசுக்கு வர வேண்டும், கம்ப்யூட்டரைத் திருப்பித் தர வேண்டும். பெட்டியில் கட்டுவதற்காக மானிட்டரைத் திருப்பினேன். அதன் முதுகில் ஒரு யு.எஸ்.பி. துளை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதிலிருந்து மெல்லிசாக ஓர் ஒயர் மேலே போனது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மெழுகுவத்தி. கம்ப்யூட்டரை ஓடவிட்டு அதன் சுவிட்சைத் தட்டினேன். விளக்கு சிமிட்டியது, கொஞ்ச நேரத்தில் திரை நீலமானது. அதைப் பிடுங்கிவிட்டு வெகுநேரம் ஓடவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்டேட் வந்த அதே வாரம்தான் அக்கா அதை வாங்கி வந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இத ஏம்மா இதுல மாட்டச் சொன்னீங்க?"

அம்மா குழறிக் குழறிச் சொன்னாள். "கரண்டு போனாலும் இதுல இருந்தா அணையாதும்மா. நீ காதுல மாட்டுனதும் போட்டுடுவேன். உன் வேல வூட்டோடவே இருக்கணும்னு வேண்டிக்கினு இருக்கேன்."

பால்கனிக்குப் போய் டீம் லீடருக்குப் போன் செய்தேன். மெழுகுவத்தியா என்று சிரித்தாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள். உள்ளே வந்தால் அம்மா ஆவலோடு என் முகத்தையே பார்த்தாள்.

"என்னாம்மா, கண்டுபுடிச்சிட்டியா?"

"அப்டேட்டுதாம்மா" என்றேன்.

இப்போது தினமும் வைட்ஃபீல்ட் போய் வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் அம்மா தனிதான். மறுபடியும் ஒருமுறை விழுந்தாள். அதிலிருந்து நான் வரும்வரை கட்டிலைவிட்டு இறங்குவதே இல்லை. பாத்ரூம் போக வேண்டி வருமென்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மெழுகுவத்தியைக் கட்டில் பக்கத்தில் செல்போன் சார்ஜரில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆபிசில் என் சிஸ்டம் ஒருநாள்கூட நின்றதில்லை என்று தெரியாத்தனமாக ஒருமுறை சொல்லிவிட்டேன்.

"பாத்தியா, வேண்டுனது வீண் போவல" என்று அம்மா முகமெல்லாம் சிரித்தாள்.

காலையில் கதவைப் பூட்டும்போது ஜன்னல் வழியாக அந்த விளக்கு சிமிட்டுவது தெரியும். அதைக் கும்பிடுவதா, பிடுங்கி எறிவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.