மூன்று வெட்டு

என் அக்கா ஒரு நாளைக்கு வெட்டிப் போடும் துணியைச் சேர்த்துத் தைத்தால் எங்கள் தெருவுக்கே பந்தல் போடலாம். அத்தனையும் புதுத் துணி. விலைச்சீட்டுகூடக் கழற்றாதது.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது, விற்ற சரக்கு திரும்பி வந்து சேரும் கிடங்கில். ஜனங்கள் போனில் பார்த்து வாங்குகிறார்கள். ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அனுப்பிவிடுகிறார்கள். சிலர் போட்டுக்கொண்டு படம் எடுத்துவிட்டு, வியர்வை காய்வதற்குள் அனுப்புகிறார்கள். ‘பிடிக்கவில்லை’ என்று ஒரு தட்டு தட்டினால் அவர்கள் பாரம் இறங்கிவிடும். இறங்குவது எங்கள் தலையில்.

நான் பொட்டலம் பிரிக்கிறவள். பிரித்து, விரித்து, முகர்ந்து பார்க்க வேண்டும். ஆமாம், முகர்ந்துதான். ஊரார் அக்குளை முகர்ந்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. பிறகு மூன்று கூடைகளில் ஒன்றில் போடுவேன். முதல் கூடை மறுபடி விற்பனைக்கு. இரண்டாவது, எடைக்கு விற்க. மூன்றாவது கூடைதான் நிறைந்து வழியும். அது அக்கா மேசைக்குப் போகும்.

ஒரு சட்டையைத் தேய்த்து, மடித்து, புதுப் பையில் போடுகிற செலவைவிட அதை ஒழித்துக்கட்டுகிற செலவு குறைவாம். சும்மா தூக்கிப் போட்டாலோ, யாராவது குப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு திரிவார்கள், கம்பெனியின் மதிப்பு போய்விடும். அதனால் வெட்டித்தான் போட வேண்டும். கழுத்திலிருந்து கீழ்வரை ஒன்று, கைக்கு ஒவ்வொன்று. மூன்று வெட்டு.

அக்கா தையல்காரி. துணி பழுது பார்க்கிற ஒரு சின்னக் கடையில் பல வருஷம் இருந்தாள். ஜிப் மாற்றுகிற கூலிக்குப் புதுச் சட்டையே கிடைக்கிற காலம் வந்ததும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். அவளை நான்தான் இங்கே கூட்டி வந்தேன். எங்கள் சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் ‘சரி சரி’ என்பதால் அவருக்குச் சரிசரி என்றே பெயர். அக்காவுக்குத் தைக்கத் தெரியும் என்றதும் அவர் அவளை நேரே வெட்டு மேசையில் நிறுத்தினார். எங்கே வெட்டினால் மறுபடி ஒட்டாது என்று தைக்கிறவளுக்குத்தானே தெரியும். தன் விரலே தன் கண்ணைக் குத்துவது என்றால் இதுதான்.

வந்த புதிதில் குழந்தைத் துணி வந்தால் அக்கா அதைக் குவியலின் அடியில் தள்ளிவிடுவாள். குவியல் கரையக் கரைய அது மேலே வரத்தானே செய்யும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவாள். பிறகு திருப்பாமலே வெட்டினாள். பிறகு என்னோடு பேசிக்கொண்டே வெட்டினாள். கடைசியில் பேச்சும் நின்றுபோனது. கத்தரிக்கோல் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். முன்பெல்லாம் கிழிந்த எதையும் தூக்கிப் போட விடமாட்டாள். அத்தானின் சட்டைக் காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைப்பாள். பழைய படுக்கை விரிப்பு காய்கறிப் பையாகும், பை கிழிந்தால் கரித்துணியாகும். இப்போது பொத்தான் அறுந்தால் அறுந்ததுதான். அத்தான் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூரில் இருப்பவர். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நான் வந்தா வந்தீங்களாங்கறா, போனா போறீங்களாங்கறா. சண்டைகூடப் போட மாட்டேங்கறாம்மா. எப்படியாவது அந்த மேசையிலேருந்து அவளை எழுப்பிடு. இப்படியே விட்டா எனக்கு இவ திரும்பக் கிடைக்க மாட்டா.”

லாரி ஓட்டுகிற மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். கூட்டி வந்தவள் நானாயிற்றே.

அந்தச் சமயத்தில், வெட்டிய துணி மலைபோல் கிடப்பதை யாரோ படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். உடனே கம்பெனிக்குப் பூமியின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. திரும்பி வருகிற துணியில் பழுதானதைத் தைத்துச் சரிசெய்து விற்க ஒரு தனிப் பகுதி திறக்கப் போகிறோம், தையல் தெரிந்தவர்கள் சோதனைக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். ஓநாய் அழுதாலும் பரவாயில்லை, எனக்கு வேண்டியது அக்காவுக்கு அங்கே ஒரு நாற்காலி. ஓடிப்போய் அக்காவின் பெயரைக் கொடுத்தேன்.

அன்று வீட்டில் சொன்னதும், “என்னடி, எனக்கு இன்னும் தையல் வருமா?” என்றாள்.

“உனக்கு வராம? உட்காருக்கா முதல்ல.”

உட்கார்ந்தாள். ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்தாள். அத்தானின் பனியன் ஓட்டையில் ஆரம்பித்துத் தலையணை உறை, குடைத் துணி, என் கைப்பையின் வார் வரைக்கும் தைத்தாள். “கொஞ்ச நேரம் அசையாம நின்னா என்னையும் சேர்த்துத் தைச்சிடுவா போலிருக்கு” என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, உதடு விரிந்தது, அவ்வளவுதான். அத்தான் என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பை விட்டுவிடாதே என்று சொல்கிற மாதிரி இருந்தது.

சோதனை, கிடங்கின் ஓரத்தில் புதிதாகத் தடுத்த அறையில் நடந்தது. வெளிச்சமான அறை. ஆளுக்கொரு மேசை, ஊசி, நூல், கத்தரிக்கோல். சாமான் தூக்கி வைக்க என்னையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அக்காவுக்கு வந்தது ஒரு குழந்தைக் கோட்டு. நீல நிறம். உள்துணி அக்குளில் பிரிந்திருந்தது, ஜிப் பல்லிளித்தது, ஒரு பாக்கெட் தொங்கியது.

அவள் அதைப் புரட்டினாள். உள்துணியைப் பிரித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கி, வெளியே தெரியாத தையலாகப் போட்டாள். ஜிப்பை அடியிலிருந்து பிடித்து நேராக்கினாள். பாக்கெட்டுக்குப் பழைய ஊசித்துளை வழியாகவே நூல் ஓட்டினாள். பக்கத்து மேசைக்காரி தன் வேலையை விட்டுவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ என் அக்கா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சரிசரி வந்து கோட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கை விட்டுப் பார்த்தார்.

“எங்கம்மா கிழிஞ்சிருந்துது?”

அக்கா இடத்தைக் காட்டினாள்.

“சரி சரி. நாளைக்கே இங்க வந்திடுங்க.” கோட்டை மேசையில் வைத்தார். “அந்த ஜிப்புகிட்ட நூல் ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அதை வெட்டிட்டு இந்தப் பக்கம் தள்ளுங்க.”

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். நூலை வெட்டினாள். கோட்டை இழுத்து நேராக்கி, கழுத்திலிருந்து கீழ்வரை ஒன்று, இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று வெட்டினாள். அவரிடம் தள்ளினாள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அடுத்தது?” என்றாள்.

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரிசரிக்கு அந்தச் சரிகூட வாயில் வரவில்லை. அக்கா அடுத்த துணிக்காகக் கையை நீட்டியபடியே இருந்தாள். எல்லாரும் ஏன் பார்க்கிறார்கள் என்று கோட்டைப் பார்த்தாள். வேறு யாரோ வெட்டிப் போட்டதைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. “இன்னொண்ணு தரவா?” என்று கேட்கத்தான் செய்தார்.

அக்கா தன் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “வேண்டாம் சார். அதையும் இப்படித்தான் பண்ணுவேன்” என்றாள். எழுந்து வெட்டு மேசைக்குப் போய்விட்டாள். மத்தியானம் முழுக்க என் மூன்றாவது கூடை நிறைய நிறைய வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் இரண்டு தடவை போன் அடித்துவிட்டார். நான் எடுக்கவில்லை. அவரிடம் என்ன சொல்வது?

“அந்த உள்துணித் தையல் வெளிய தெரியலல்ல?” என்றாள் அக்கா.

“தெரியலக்கா.”

“ம்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானையையோ கைக்குட்டையையோ எடுக்கக்கூட முடியாமல், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பஸ்ஸிலேயே அழுதேன். முன் ஸீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் முதுகில் கை வைத்தாள். அவள் கை வைத்துத் தட்டிக்கொடுத்தது சரியாகத்தான் இருந்தது, எங்கே தட்ட வேண்டுமோ அங்கேதான் தட்டினாள்.

“எதுக்குடி இப்படி அழற? ஒரு கோட்டுதானே.”

நான் கோட்டுக்காக அழவில்லை என்பது அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.