நாலாவது பைப்

சந்தேகப் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்தது. பால்காரர் ஊற்றுவதற்கு முன்னால் அவர் செம்பைக் கவிழ்த்துப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட என்னைக் கட்டிக்கொண்ட மனிதர், வீட்டுக்குப் பின்னால் இரும்புக் கம்பம் ஒன்றை நட்டுக்கொண்டு, முகம் தெரியாத யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்.

ஐம்பதுகளில் எங்கள் வீடு திருவள்ளூருக்கு வெளியே, திருப்பாச்சூர் போகிற சாலையில் இருந்தது. என் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கிற வேலையில் இருந்தார். சாயங்காலம் சைக்கிளைச் சாத்திவிட்டு, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவார். அங்கே அவரே செய்த வயர்லெஸ் பெட்டி இருந்தது. அதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். சர்க்கார் லைசென்ஸ் உண்டு. அதன்படி எங்கள் பின்னறை ஒரு 'ஸ்டேஷன்'. கம்பம் இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக்கூடாது, பெட்டியின் பவர் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கண்டிஷன். எங்கள் கம்பத்துக்கு அது மூன்று பைப் உயரம். கல்யாணமான புதிதில் அவர்தான் பெருமையாகச் சொன்னார். அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

ஒரு தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். சாலை திரும்பும்போதே கம்பம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் அங்கிருந்து தெரியாது.

"இன்னாங்க, கம்பம் வளந்த மாரி கீது?"

"ரொம்ப நாள் கழிச்சுப் பாக்கற இல்ல, அப்படித்தான் தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து இன்னொன்றும் கவனித்தேன். அவர் பேச ஆரம்பித்தால் சமையலறை பல்பு மங்கும். நிறுத்தினால் பளிச்சென்று எரியும். பெட்டிக்குள்ளும் ஏதோ பெரிதாகப் போட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"யாராண்ட பேசறதுக்கு இம்மாம் உசரம்?"

"கொழும்புல ஒரு ஆளு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அம்மியை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். எதிர்முனைக் குரல் கரகரவென்று வரும், எதுவும் பிடிபடாது. இவர் குரல் மட்டும் நன்றாகக் கேட்கும். வீட்டில் சட்டை, சாவி, சாப்பாடு என்பதைத் தாண்டிப் பேசாத மனிதர், அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டில் நெல் வயல்காரர் ஒருவர் இருந்தார். வயதில் பெரியவர், நைனா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக ரேடியோ வாங்கியிருந்தார். ஒரு நாள் வேலியருகே வந்து நின்றார்.

"பாட்டு கேக்கலாம்னு குந்தினா உன் ஊட்டுக்காரரு குரல்தாம்மா வருது. ஒரே பேஜாரு. மதராஸ் வயர்லெஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டேன்."

எழுதட்டும் என்று எனக்குள் ஒரு பாதி சந்தோஷப்பட்டது.

அதற்குள் பொங்கல் வந்தது. துருப்பிடித்த இழுகம்பிகளை மாற்றுவதற்காகக் கம்பத்தைக் கீழே படுக்கவைத்திருந்தார். கிணற்றுத் தூண், மாடக்குழி, துளசி மாடம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பும் காவியும் பட்டை போட்டாகிவிட்டது. இதை மட்டும் மூளியாக விடுவதா? முழத்துக்கு ஒரு பட்டையாக, வெள்ளை ஒன்று, காவி ஒன்று என்று நுனிவரை அடித்தேன். அடித்துக்கொண்டே எண்ணினேன். நாலு பைப். கேட்டதற்கு, "அது ஜாயிண்டு" என்றார். எனக்கு ஜாயிண்டு தெரியாதாம்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், மதராஸிலிருந்து ஆபீசர் வருவதாகத் தந்திக்கார நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கம்பத்தை இறக்கினார். நுனிப் பைப்பில் கம்பிகள் கட்டியிருந்ததால் அதற்குக் கீழே இருந்ததைக் கழற்றி, நைனாவின் வைக்கோல் போருக்குள் செருகினார். மிச்ச மூன்றையும் சேர்த்து மாட்டி, கம்பத்தைத் திரும்ப நிறுத்தினார். பெட்டிக்குள்ளும் ஏதோ மாற்றினார். வேர்த்துக் கொட்டியது.

"ஆபீசர் இன்னா கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. லைசென்சு போனா, வேலைக்கும் ஆபத்து."

இத்தனை நாள் சந்தேகம் சரிதான் என்று தெரிந்தும் எனக்குப் பயம்தான் வந்தது.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். பெட்டியைப் பார்த்தார், சரியென்றார். காபி குடித்தார். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது சும்மா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் ஒழுங்கா பட்டை போட்டிருக்கு, நடுவுல மட்டும் காவிக்கு மேல காவி. அடிச்ச ஆள் தூங்கிட்டான் போல" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது.

"நான் அடிச்சதுங்க அது. வெள்ள ஒண்ணு, காவி ஒண்ணு. நுனிமட்டும் வரிசை தப்பாது."

சொல்லி முடித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

வேலை தப்பியது. லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். பெட்டிக்கு அரக்கு சீல் விழுந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் காபியை வாங்கிக்கொண்டு அதே பின்னறையில் போய் உட்காருவார். பல்பு மங்காமல் ஒரே சீராக எரியும். சுவரில் காதை வைத்தால் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்தான் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்காக வந்ததில்லை என்றாலும் என் வீட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அது இல்லாமல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் அம்மி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மழைக்காலம் முடிந்ததும் லைசென்ஸ் திரும்ப வந்தது. முதல் நாள் அவர் சிரித்தபோது நான் அரைப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் கம்பம் கீழே படுத்திருந்தது. அவர் கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். வாளிகளோடு போன நான் வழக்கம்போல எண்ணினேன். நாலு.

காவி வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு வந்து, அடியிலிருந்து நுனிவரை வெறும் சுண்ணாம்பு அடித்தேன்.

"காவி இல்லியா?" என்றார்.

"தீந்துபோச்சு."

அவர் கிணற்றடியைப் பார்த்தார். சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.