பெரியப்பாக்கள் உட்கார்ந்த நாற்காலி

வண்ணாரப்பேட்டையில் எங்கள் மளிகைக்கடையின் கல்லா நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் பெரியப்பாக்கள் இருவரும், ஒருவர் பின் ஒருவராக, பக்கவாதத்தில் சாய்ந்தார்கள். அதன்பிறகு அப்பா மாசானம் நின்றுகொண்டேதான் வியாபாரம் செய்தார். பி.ஏ. படித்த நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பயமா, மரியாதையா என்று எனக்கே தெரியாது.

ஐம்பத்தைந்து வயதில் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்தது; நான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். அண்ணன்மார் கதையையும் கேட்டார்.

"உங்களுக்கும் இரத்தக் கொதிப்புதான். உங்க குடும்பத்துல வழிவழியா வருது."

"அப்போ நாற்காலி ஒண்ணும் செய்யலியா?"

"எந்த நாற்காலி?"

அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் காட்டினார்.

"எலே, நீ உக்காரு. டாக்டரய்யா, இவனுக்கும் பாத்துருங்க."