திருவிருந்துக்குச் சோளன் பாண்

பேக்கரி ரொட்டியான பாணைச் சுடுவதற்குப் போறணை அடுப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். என் வீட்டில் போறணை இருந்ததே இல்லை. ஒரு பெரிய அலுமினியப் பானை, அதன் அடியில் நாலு பிடி மணல், மணலுக்கு மேல் பாண் தட்டு, பானையை மூட ஒரு தகரமூடி, அந்த மூடிக்கு மேல் சிரட்டைத் தணல். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு, அவ்வளவுதான். கோதுமை மா ஒரு சிட்டிகைகூடப் படாமல் நான் அதில் சுடும் சோளன் பாணைத் தின்றுவிட்டு, கடைப்பாணைவிட இது நல்லம் என்று சொல்லாதவர்கள் குறைவு. சொல்லாதவர்களுக்கு நான் இரண்டாம் துண்டு கொடுப்பதில்லை.

மக்காச்சோளத்தை எங்கள் பக்கம் சோளன் என்போம். அவித்துத் தின்போம், சுட்டுத் தின்போம். அதில் பாண் சுடலாம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. காய்ந்த சோளனை ஊறவைத்து, வடித்து, உரலில் இடித்து, அரிதட்டால் அரித்து, பச்சை வாசம் போகும்வரை வறுப்பேன். மா அரைக்கிற மில்லுக்குக் கொடுக்கவே மாட்டேன். எனக்கு முன்னால் அங்கே யார் எதை அரைத்தார்களோ! அந்த மாவோடு கொஞ்சம் அரிசிமா, எருமைத் தயிர், முட்டை, மாஜரீன், சீனி, உப்பு, அப்பச்சோடா. தயிரும் சோடாவும் சேர்ந்ததும் கலவை பொங்கும். பொங்கினது அடங்குமுன் தட்டில் ஊற்றிப் பானைக்குள் இறக்கிவிட வேண்டும். நின்று கதை பறைந்துகொண்டிருந்தால் பாண் கல்லாகிவிடும்.

இத்தனை பாடும் என் மகளுக்காக. நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று, நானும் அவளும் ஆராதனைக்குப் போயிருந்தோம். கோயில் வாவிப் பக்கம், எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். “நேத்துத்தானே போனம், இண்டைக்கு நான் படுக்கப்போறன்” என்று சொல்லி என் வீட்டுக்காரர் வீட்டில் நின்றுவிட்டார். பிறகு வீடும் இல்லை, அவரும் இல்லை. நானும் பிள்ளையும் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாய் விரித்தோம்.

அங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் பாணும் பருப்பும், பின்னேரம் பாணும் சம்பலும், இடையில் பெட்டி பெட்டியாக பிஸ்கட். எல்லாப் பிள்ளைகளும் தின்று தேறின. என் பிள்ளைக்கு மட்டும் வயிறு ஊதியது, கைகால் மெலிந்தது, வயிற்றோட்டம் நிற்கவே இல்லை. கடல் தண்ணீர் குடித்திருப்பாள் என்றார்கள். பயந்திருக்கிறாள் என்றார்கள். “நீங்க வேதக்காரர் எண்டாலும் ஒரு நூலக் கட்டுகா, ஆர் பாக்கப்போறா?” என்று பக்கத்துப் பாய்க்காரி சொன்னாள். கட்டினேன். பிள்ளை பிழைக்கட்டும், கடவுள் கோபித்தால் அவரோடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே என் கையால் அவள் மணிக்கட்டில் கட்டினேன்.

உதவிக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு டொக்டர் அம்மா ஒருநாள் பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்க நின்ற பெட்டையிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். வீட்டில் இருந்தபோது இவள் என்ன சாப்பிட்டாள்? சோறு, புட்டு, இடியப்பம் என்றேன், எல்லாம் அரிசியில். இங்கே? பாண். பாணை நிறுத்து, பிஸ்கட்டை நிறுத்து, சோறு மட்டும் கொடு என்றார். “பாணில என்ன நஞ்சா கலந்திருக்கு?” என்று நான் சண்டைக்குப் போனேன். ஆனாலும் நிறுத்தினேன். சில கிழமைகளில் பிள்ளை எழும்பி ஓடித் திரிந்தாள். பிறகு கொழும்பில் இரத்தம் சோதித்தும் அதையே சொன்னார்கள். சாகும்வரை இவளுக்குக் கோதுமை ஆகாது, ஒரு துணுக்குக்கூட ஆகாது.

சோறு இருக்கிற ஊரில் பாண் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாணைப் பிய்த்துச் சம்பலோடு தின்னும் சிநேகிதிகளின் நடுவில் புட்டுப் பார்சலோடு இருக்கும் பிள்ளையிடம் போய்க் கேளுங்கள். அந்த டொக்டரின் ஊரில் சோளனில் மஞ்சளாகப் பாண் சுடுவார்களாம் என்று மொழிபெயர்த்த பெட்டை போகிறபோக்கில் சொல்லியிருந்தாள். எனக்கு அது போதும். எங்களுக்குப் புது வீடு கிடைத்ததும் முதலில் சுட்டதை நாய்க்குப் போட்டேன். அது முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. தயிர் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும்வரை அந்த நாய் எங்கள் முற்றத்துக்கே வரவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள், கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்த எங்கள் ஊர் வீடுகளில் கதவு பூட்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் என் மகள் திடப்படுத்தல் வகுப்பை முடித்தாள். எங்கள் சபையில் பிள்ளைகள் அதை முடித்த பிறகுதான் திருவிருந்தில் சேரலாம். திருவிருந்து என்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு, பாணைப் பிட்டு, திராட்சைரசத்தோடு சபை முழுவதும் பங்குகொள்வது. அதை அவள் சின்ன வயதிலிருந்து தூர இருந்து பார்த்து ஆசைப்பட்டவள்.

“அம்மா, அண்டைக்குப் பாண்தானே தருவாங்க, நான் என்ன செய்யிற?” என்று கேட்டாள்.

போதகரிடம் போனேன். இளம் ஆள், வேறு ஊர், நல்ல மனுஷன். “அதுக்கென்ன அம்மா, மகளுக்கு வேற தட்டில வைச்சுத் தாறன்” என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. தனித்தட்டு என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குக் கோப்பையும் எங்களுக்குச் சிரட்டையும் நீட்டிய முற்றங்களில் நின்றவர்கள் நாங்கள். ஒரே தட்டில் தருகிறார்கள் என்றுதான் என் அப்பாவின் அப்பா கிறிஸ்து வேதத்துக்கே வந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால், மகள் என்னைவிட ஒரு படி மேலே நின்றாள். “தனித்தட்டெண்டா நான் போகல்ல. எல்லாரும் போகக்க நான் இருந்த இடத்திலயே இருக்கிறன்” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவள்.

கிறுகித் திரும்பிப் போதகரிடமே போனேன். “முழுச் சபைக்கும் நான் சோளன்ல சுட்டுத் தாறன் ஐயா. எல்லாரும் ஒரே பாணத் தின்னட்டும்.” அவர் யோசித்தார். சம்மதம்தான், ஆனால் மாமியிடம் நீங்களே கேளுங்கள் என்று நழுவிவிட்டார்.

மாமி என்பது சபை முழுவதும் கூப்பிடும் பெயர். எனக்கு உறவில்லை. திருவிருந்துப் பாணை மாதாமாதம் சுட்டுக்கொண்டு வருபவர் அவர்தான். அதிகம் பேசாத மனுஷி. ஆராதனை முடிந்து வாசலில் மறித்தேன்.

“மாமி, வாறமுறை மட்டும் நான் சுடுறன். என்ட மகளுக்குக் கோதுமை ஆகாதெண்டு தெரியுந்தானே?”

“ஏலா புள்ள.”

“ஒரேயொரு முறைதான் மாமி!”

“உன்ட மகளுக்கு நீ சுடு. மேசைக்கு நான்தான் சுடுவன்.”

“மேசையென்ன உங்களுக்குச் சீதனமா தந்ததா?” என்று கத்திவிட்டேன். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வழி நெடுக மாமிக்குக் கொழுப்பு என்று திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் குந்தி யோசித்து ஒரு முடிவெடுத்தேன். என் பாணைச் சுட்டு, நானே கொண்டுபோய், மேசையில் அவருடைய பாணுக்குப் பக்கத்தில் வைப்பேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்போம்!

திருவிருந்துக்கு முதல்நாள் பின்னேரம் மாவை அரித்துக்கொண்டிருக்கிறேன், முற்றத்தில் மாமி வந்து நிற்கிறார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினேன். அவரோ படியில் குந்திவிட்டார்.

“புள்ள, உனக்கு ஒண்டு சொல்லணும். ஆருக்கும் சொன்னதில்ல” என்றார்.

அவருடைய மகன் ஒருவனை, கடல் வருவதற்கு முன்னமே, டியூசனுக்குப் போன வழியில் இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது ஊருக்கே தெரியும். அவனை வன்னிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதும் தெரியும். தெரியாதது இதுதான்.

“அண்டைக்கே ஆண்டவரிட்டச் சொல்லிட்டன். அவன் வந்து சேருமட்டும் உம்மட மேசைக்குப் பாண் என்ட கையாலதான் எண்டு. ஒரு மாசம் தவறினா அவனுக்கு…” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “நேர்த்தி வைக்கிறது நம்மட ஆக்களுக்கு இல்லையெண்டு போதகர் சொல்லுவார். எனக்குத் தெரியும். ஆனா சண்ட முடிஞ்சிட்டாம். இனித்தானே அவன் வாற நேரம். இந்த மாசம் பாத்து நான் எப்பிடி விடுற, சொல்லு?”

கடலுக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்து வாங்குமேசையில் வைத்து நடத்திய முதல் திருவிருந்து எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் பாண் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. மாமியின் வீட்டுக்குள்ளும் அப்போது சேறுதான்.

நானும் அவர் பக்கத்தில் படியில் குந்தினேன். மூடநம்பிக்கை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பிள்ளையின் கையில் நூல் கட்டியவள் அவருக்கு என்னத்தைச் சொல்வது? வன்னியிலிருந்து வந்தவர்கள் வந்துவிட்டார்கள், முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அவன் பெயர் ஒன்றிலும் இல்லை. அது மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“மாமி, கைதானே உங்கட கையா இருக்கணும்?” என்றேன். “மா கோதுமையா, சோளனா எண்டு ஆண்டவர் கேட்டவரா?”

யோசித்தார். “மாவப் பத்தி ஒண்டும் பறையல்ல.”

“அப்ப எழும்புங்க. கையக் கழுவிட்டு வாங்க, நீங்களே சுடுங்க.”

முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைத்தேன். சேலையில் கோதுமை மா ஒட்டியிருக்கும் என்று என் நீளமான வீட்டுச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். “இந்த வயசில எனக்குச் சட்டை மாட்டிப் பாக்கிறாளே!” என்று அவர் முணுமுணுக்க, உள்ளே இருந்து மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எங்கள் சண்டை தீர்ந்தது. ஆனால் அடுத்த சண்டை உடனே தொடங்கிற்று. மாமி பழக்கதோஷத்தில் சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிசையத் தொடங்கினார்.

“பிசையாதீங்க மாமி! இது இழுபடாது. கரண்டியால கிண்டி ஊத்துங்க.”

“பிசையாம என்ன பாண்? அப்ப இது பலகாரம்.”

“பொங்கிறது அடங்கப்போகுது, ஊத்துங்க கெதியா!”

ஊற்றினார். பானைக்குள் இறக்கினார். தணலை அவரே அள்ளி மூடிமேல் பரப்பினார். நான் கைவைக்கவில்லை, விறகைக்கூடத் தள்ளவில்லை. இரண்டு தரம் மூடியைத் திறக்கப் போனவரைத் தடுத்தேன். “பாக்காம எப்பிடித் தெரியும்?” என்றார். “வாசம் வந்து சொல்லும், பொறுங்க” என்றேன். வாசம் வந்தது. வெளியே எடுத்தபோது பாண் மஞ்சளாக, ஓரம் சிவந்து, நடுவில் ஒரு வெடிப்போடு இருந்தது. மாமி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் போதகர் பாணை உயர்த்திப் பிட்டார். கோதுமைப் பாண் நார்போல் கிழியும். சோளன் பாணுக்கு அந்தக் குணம் இல்லை. பாதி அவர் கையில், பாதி மேசைவிரிப்பில் உதிர்ந்து கிடந்தது. பாவம், மனுஷனின் முகம் வெளிறிப்போயிற்று. “அது அப்பிடித்தான் ஐயா, பயப்பிடாதீங்க” என்று நான் மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தேன். சபை முழுக்கக் கேட்டுச் சிரித்துவிட்டது. யுத்தம் முடிந்த அந்த வைகாசிக்குப் பிறகு எங்கள் கோயிலுக்குள் சிரிப்புக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு எல்லோரும் வரிசையாக முழங்காலில் நின்று கையேந்த, உதிர்ந்ததை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். என் மகளும் அந்த வரிசையில் நின்றாள். எல்லோருக்கும் வந்த தட்டு அவளிடமும் வந்தது. அவள் அதை வாயில் போட்டபோது நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் ஆளுக்காள் பாணைப் புகழ்ந்தார்கள். “மாமி சுட்டது” என்றேன், ஒவ்வொருவரிடமும். மாமி பாண் சுற்றிவந்த துணியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“வாற மாசத்துக்கும் சோளன் இரிக்கா புள்ள?” என்று கேட்டார்.

“இரிக்கு மாமி” என்றேன்.

வீட்டில் ஒரு சோளன் மணிகூட இல்லை. திங்கட்கிழமை பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போய் ஒரு முழு மூடை வாங்கினேன். கடைக்கார நானா தூக்கி வைத்துவிட்டு, “என்ன தங்கச்சி, கலியாண வீடா? இவ்வளவு என்னத்துக்கு?” என்றார்.

“கனகாலத்துக்கு வேணும் நானா” என்றேன்.