ரே மட்டும் பிழைத்தது

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஏழே எழுத்து. d, r, m, f, s, l, t. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், மற்ற எழுத்துகளோடு பழக வாய்க்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் கிடையாது. தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊரில் இந்த ஏழு தெரிந்தால் போதும், மோட்சத்துக்கே வழி கேட்டுப் போய்விடலாம். மிஷன் துரைமார் கொண்டுவந்த பாட்டெழுத்து அது. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, தீ. ஒவ்வொன்றுக்கும் முதல் எழுத்து மட்டும் எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சாடையும் உண்டு. டோவுக்கு மூடிய கை. ரேக்கு விரல்களைச் சேர்த்து மேல்நோக்கிச் சாய்த்த கை. ஓய்வுநாள் பள்ளியில் மூக்கொழுகும் பிள்ளைகூட இதைத் தப்பாமல் காட்டும். உலகம் முழுக்க இப்படித்தான் பாடுகிறது என்று நாங்கள் நம்பினோம்.

என் அண்ணனின் பாட்டைக் கெடுத்தது அந்த நம்பிக்கை. கெடுத்தவள் நான்.

அண்ணன் செய்த வேலைக்குப் பெயர் கிடையாது. ஆர்மோனியம் வாசிப்பான், ஆனால் ஆர்மோனியக்காரன் இல்லை. நாடகக் கம்பெனியில் அதற்கு ஒரு மதுரைக்காரர் இருந்தார், மார்பு நிறைய மெடல் குத்திக்கொண்டு. அண்ணன் பாட்டுக் கட்டுகிறவனும் இல்லை. அதற்கு வாத்தியார் இருந்தார். யாரோ கட்டி யாரோ பாடுகிற பாட்டுக்குப் பின்னால் பிடில் என்ன செய்ய வேண்டும், கிளாரினெட் எங்கே நுழைய வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று எழுதுவது அண்ணன் வேலை.

கம்பெனி ஆரல்வாய்மொழி வழியாக வண்டி வண்டியாகத் திரைச்சீலையோடு வந்து நாகர்கோவிலில் கொட்டகை போட்டபோது, அண்ணன் சபைப் பாடகர் குழுவில் பேஸ் பாடிக்கொண்டிருந்தான். பேஸ் என்றால் நாலு குரலில் அடியில் கிடக்கிற குரல். நாடகம் பார்க்கப் போகக் கூடாது என்பது சபைக் கட்டுப்பாடு. போய்விட்டு வந்து அம்மாவிடம் சொன்னான்.

"பத்து பேரு உக்காந்து ஒரே பாட்ட ஒரே நேரம் அலறுகானுவம்மா. தீப்பிடிச்ச வீடு மாதிரி இருக்கு."

"நீ எதுக்குலே அங்கோடி போன?"

"தீயணைக்க."

உண்மையிலேயே அணைக்கப் போனான். முதலாளியிடம் தானாகவே போய், உங்கள் வாத்தியக்காரர்களில் பாதிப் பேரைப் பாதி நேரம் சும்மா இருக்கவைத்தால் பாட்டு காதில் விழும் என்று சொல்லியிருக்கிறான். முதலாளிக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. சேர்த்துக்கொண்டார்.

அங்கே நடந்ததையெல்லாம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது எனக்கு நடித்துக் காட்டுவான். அதில் எனக்குப் பிடித்தது கிளாரினெட்காரர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள்.

"தம்பி, இந்த இடத்துல எனக்கு ஒண்ணும் எழுதலியே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல்ல அண்ணாச்சி. அங்க நீங்க சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கிறதுக்கா முதலாளி என்னைத் தஞ்சாவூர்லேருந்து கூட்டியாந்தார்?"

"எட்டு அடி சும்மா இருந்தா, ஒம்பதாவதுல நீங்க ஊதுகது எல்லாருக்கும் கேக்கும்."

"இப்ப கேக்கலியாக்கும்? மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது, அதுக்கு மேலயும் கேக்கணுமா?"

கடைசிவரை அவர் சும்மா இருக்கவில்லை. காலியாக விட்ட இடத்தில் மெதுவாக ஊதுவார், தன்மானத்துக்கு. அண்ணன் அதையும் கணக்கில் வைத்து எழுதக் கற்றுக்கொண்டான். கம்பெனியில் யாருக்கும் எங்கள் ஏழு எழுத்து தெரியாது. அவரவர் பங்கை அவரவருக்கு அண்ணனே பாடிக் காட்டுவான். காகிதம் அவன் கையில் மட்டும் இருக்கும்.

நோட்டீஸ் அடித்தார்கள். ராஜபார்ட்டுக்கு நாலு பட்டம், ஆர்மோனியத்துக்கு மூன்று. பெட்ரோமாக்ஸ் வாடகைக்குக் கொடுத்தவருக்குக்கூட ஒரு வரி. அண்ணன் போய்க் கேட்டான்.

"உன் வேலைக்கு என்னன்னு போடுறது தம்பி?" என்றாராம் முதலாளி. "சும்மா இருக்கச் சொல்லுபவர்னு போடட்டுமா?"

நாடகம் என்னவோ நன்றாக ஓடியது. சபையில் அண்ணனைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கினார்கள். கூத்துக்கு எழுதுகிற கை தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் பிடிக்கக் கூடாதாம். தீர்ப்புச் சொல்வதற்கு முன் தீர விசாரிக்க வேண்டும் என்று மூப்பர்கள் இரண்டு பேர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாடகத்துக்குப் போனார்கள். முதல் தடவை சரியாக விசாரிக்க முடியவில்லை போலிருக்கிறது, இன்னும் மூன்று தடவை போனார்கள். அதற்குப் பிறகு காணிக்கை எடுக்கையில் ஒருவர் ராஜபார்ட் பாட்டை முனகுவதை நான் என் காதால் கேட்டேன்.

பிறகு பேசும்படம் வந்தது. ஊர் ஊராகச் சுற்றிய முதலாளி, பணக்காரர் ஒருவரைப் பிடித்து, அதே நாடகத்தைக் கல்கத்தாவில் படமாக்கப் போனார். ராஜ்யத்தை இழந்த ராஜா காட்டில் நின்று பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. ராஜபார்ட் அதை எப்போதும்போலப் பாடிவிடுவார். அடிக்கு அடி நடுவே வாத்தியங்கள் வாசிக்கப் புதிதாக எழுதித் தரவேண்டும், அங்கே முப்பது வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அண்ணனுக்கு ஆள் வந்தது. முப்பது பேர்! அதைக் கேட்ட அன்று அவன் சோறு தின்னவில்லை. முப்பது பேரைச் சும்மா இருக்கவைக்கலாம் என்கிற சந்தோஷம்.

அவனும் கல்கத்தா போவதாகத்தான் இருந்தது. அதற்குள் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. கொயினா மருந்து கொடுத்தும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மறுநாள் கம்பெனி மானேஜர் ரயிலேறுகிறார், பாட்டு பாதிதான் எழுதியிருக்கிறது. அண்ணன் நாலு போர்வைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"டோ... டோ டோ... ரே..."

"அண்ணே, டோ ஒண்ணா மூணா?"

"ஒண்ணுதாம்ட்டீ. மத்தது விறையல்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் பல் கிட்டியபடியே சிரித்தான்.

எல்லாம் முடிந்ததும் சொன்னான். "மேல எழுது. d-ன்னா ச, m-ன்னா க, s-ன்னா ப. அங்க உள்ளவனுக்கு எழுத்து வேற. ச ரி க ம-வத்தான் இங்கிலீசுல எழுதுவான். அவனுக்கு s தான் ச, d-ன்னா த."

"டோ தெரியாத ஆளும் உண்டா? நம்ம ஊருல தவழுக பிள்ளைக்கும் தெரியும்."

"எழுதுட்டீ, மக்கா."

காகிதத்தின் மேற்பக்கத்தில் இடம் இல்லை. எழுதுவதென்றால் முழுத்தாளையும் திரும்ப எழுத வேண்டும். கை வலித்தது. அதோடு, கல்கத்தாவில் முப்பது பெரிய மனிதர்களுக்கு டோ என்றால் என்னவென்று நான் பாடம் நடத்தினால், தெற்கே உள்ளவர்கள் வெறும் பட்டிக்காடு என்று நினைக்கமாட்டார்களா என்று வேறு எனக்குத் தோன்றியது.

"எழுதியாச்சு" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மானேஜர் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார். பதினோராம் நாள் அண்ணன் போய்விட்டான்.

அடக்கத்தில் பாடகர் குழு நாலு குரலில் பாடியது. நாலு என்று சொல்வது மரியாதைக்கு. பேஸ் பாடுகிறவன் பெட்டிக்குள் இருந்தான். ராஜபார்ட் பாட்டை முனகிய மூப்பர் அழுதார். அவர் எதை நினைத்து அழுதார் என்று நான் கேட்கவில்லை.

படம் நாகர்கோவிலுக்கு வந்தபோது, அத்தை வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பகல் ஆட்டத்துக்குப் போனேன். தரையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். ராஜா ராஜ்யத்தை இழப்பதற்கே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒருவழியாகக் காட்டுக்கு வந்தார். பாடினார். முதல் அடி முடிந்தது. இப்போது அண்ணன் வருவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது அண்ணன் இல்லை.

தாளம் அவனுடையது. தொடையில் தட்டிப் பார்த்தேன், நான் எழுதின தாளம்தான். அதன்மேல் ஏறிப் போன ராகம் யாருடையதோ. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொரு ஆள் வருவதுபோல இருந்தது. போதாததற்கு நடுநடுவே ஒரு புல்லாங்குழல் கேட்பாரில்லாமல் கீச்சென்றது. தபலா திடீர் திடீரென்று ஓர் அறை அறைந்தது. ராஜா தனியாக நிற்கிற காட்டில் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் "ஆ" என்றது. ஜனங்கள் கையைத் தட்டிக் கூரையைப் பிளந்தார்கள். "ஒன்ஸ் மோர்" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். திரை காது கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் மதுரை ஆர்மோனியக்காரர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். கல்கத்தாவுக்குப் போயிருந்தவர். மெடலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார், அந்த அளவுக்கு நல்ல மனிதர். அம்மா உள்ளே காப்பி போடப் போன சமயம், காட்டுப் பாட்டு ஏன் அப்படி ஆனது என்று அவரிடம் கேட்டேன்.

"அத ஏன் கேக்குற பாப்பா? அங்க உள்ள வாத்தியக்காரன் காயிதத்தைப் பாத்துட்டு d-ன்னா தைவதம், s-ன்னா ஷட்ஜம்னு வாசிச்சுட்டான். எனக்கு என்னமோ தப்பாத் தெரிஞ்சுது. ஆனா எந்த பாஷைல சொல்றது? அவனுக்குத் தமிழ் வராது, எனக்குத் தமிழைத் தவிர ஒண்ணும் வராது."

"அப்போ f?"

"அதுல கொஞ்ச நேரம் முழிச்சானுங்க. அப்புறம் அங்க உள்ள பெரியவர் சொன்னாரு, f-ன்னா ஃப்ளூட்டு. அந்த எழுத்து வர்ற இடமெல்லாம் ஃப்ளூட்காரன் இஷ்டத்துக்கு ஊதினான்."

"t?"

"தபலா."

"l?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "லேடி. நாயகியம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. l வந்தா ஒரு 'ஆ' போடச் சொல்லிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன், பிறகு அழுகையையும் அடக்க முடியவில்லை. அவர் பயந்துபோய், "முதலாளி உங்க அண்ணனை மேதைன்னு சொல்றாரு பாப்பா" என்றார். "காட்டுல பொண்ணு குரல் வைக்கணும்னு யாருக்குத் தோணும்னு கேக்குறாரு."

"படத்துல பேரு போடல்லியே?"

"சுருள் நீளம் போதலையாம்."

அவர் சொல்லிக்கொண்டு போன பிறகுதான் பார்த்தேன், அம்மா காப்பியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காப்பி ஆறியிருந்தது.

"நீ எழுதல்லியாட்டீ?" என்றாள்.

"எழுதல்ல."

"எழுதினேன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே உட்கார்ந்து அந்தக் காப்பியை அவளே குடித்தாள்.

"அப்போ எனக்க பிள்ளை எழுதினதுல ஒண்ணும் மிச்சம் இல்லியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் d அவர்களுக்கு த. எங்கள் m அவர்களுக்கு ம. எங்கள் s அவர்களுக்கு ச. எல்லாம் இடம் மாறிப்போனவை. f, l, t பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் r? எங்களுக்கு ரே. அவர்களுக்கு ரி. இரண்டும் ஒரே சுரம், ஒரே இடம்.

"ரே மட்டும் இருக்கும்மா" என்றேன். "ரே வார இடத்துல அவன் நினைச்சது தான் கேக்கும்."

ஆயுசில் நாடகக் கொட்டகைப் பக்கமே போகாதவள் அம்மா. அந்தச் சனிக்கிழமை சபைக்குப் போகிற வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "வா, போவோம்" என்றாள்.

தரையில் உட்கார்ந்தோம். ராஜா அரண்மனையில் இருந்த நேரம் முழுக்க அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், பாவம் ஒட்டாமல் இருக்க. காடு வந்ததும் நான் தொட்டு எழுப்பினேன். முதல் அடி முடிந்து வாத்தியங்கள் தொடங்கின. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு r எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது. அம்மாவின் கையை அழுத்தினேன். புல்லாங்குழல் கீச்சென்றது. தபலா அறைந்தது. மறுபடி r. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை நான் அழுத்துவதற்கு முன்பே அம்மாவின் கை என் கையிலிருந்து போய்விட்டது. விரல்களைச் சேர்த்து, மேல்நோக்கிச் சாய்த்து, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஓய்வுநாள் பள்ளியில் காட்டுவதுபோல, ரே. இறக்கினாள். அடுத்தது வந்ததும் மறுபடி தூக்கினாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

எங்களுக்குப் பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன் சத்தம் போட்டான். "ஏ அம்மா, கைய கீழ போடும். படம் மறைக்குல்லா!"

அம்மா திரும்பவில்லை. கையையும் இறக்கவில்லை.

"சும்மா இருலே" என்றாள். "எனக்க பிள்ளை வாரான்."